தொடர்பியல் படிப்பது பேசக் கற்பதற்காகவா?

போன வருஷம் கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தபோது, அக்கா மகள் அமெரிக்காவில் என்ன படிக்கிறாள் என்று பேச்சு வந்தது. "கம்யூனிகேஷன்" என்றேன். தமிழில் தொடர்பியல். "இங்கிலீஷ் பேசறதுக்கா? அவ பொறந்ததே அங்கதானே!" என்றார் பெரியப்பா. "டிவியில செய்தி வாசிக்கப் போறாளா?" என்று கேட்டார் அத்தை. இன்ஜினியரிங் படிக்கும் ஒரு தம்பி, "நம்ம விஸ்காம் மாதிரிங்களா மாமா, கேமரா கோர்ஸ்?" என்றான். அது லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி என்று நான் சேர்த்துச் சொன்னதும், பின்னாலிருந்து ஒரு குரல், "ஓ, டிராயிங்!" என்றது.

அவர்கள் எல்லோரும் அக்கறையோடு கேட்டவர்கள்தான். அந்தச் சொற்கள் நம் ஊரில் அப்படித்தான் புழங்குகின்றன. மண்டபத்து வாசலில் நின்றபடி இரண்டு நிமிஷத்தில் என்னால் விளக்க முடியவில்லை. இங்கே நிதானமாக முயல்கிறேன். முதலில் அந்தப் படிப்பு எதைப் பற்றியது, பிறகு அதைச் சிறிய அரசுக் கல்லூரி ஒன்றில் படிப்பது என்றால் என்ன என்ற வரிசையில் போவோம்.

முக்கியமான விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். பேசுகிறவரைத் தயார் செய்யும் படிப்பு இது என்று எல்லோரும் நினைக்கிறோம். இதில் பெரும்பகுதி கேட்கிறவரைப் பற்றியது.

பத்திரிகை வைத்த விதம்

அந்தக் கல்யாணத்தையே எடுத்துக்கொள்வோம். சொல்ல வேண்டிய சேதி ஒன்றுதான்: இன்ன தேதி, இன்ன மண்டபம், இன்ன நேரம் முகூர்த்தம். ஆனால் அது போன விதம் மூன்று. நெருங்கிய உறவுகளுக்கு வீட்டார் ஜோடியாக நேரில் போய், தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழத்தோடு, நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகையை வைத்துக் கூப்பிட்டார்கள். வெளியூர்க்காரர்களுக்குத் தபாலில் போனது. மற்றவர்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம்.

ஒரு சித்தப்பா வரவில்லை. அவருக்கு வாட்ஸ்அப்பில்தான் போயிருந்தது. தேதி, மண்டபம், நேரம் எதிலும் குறை இல்லை. எழுத்துப் பிழைகூட இல்லை. ஆனாலும் அவர் படித்துக்கொண்டது, "உங்களுக்கு இவ்வளவு போதும்" என்ற ஒரு வரியை. அந்த வரியை யாரும் எழுதவில்லை. அது அனுப்பிய வழியிலிருந்து வந்தது.

இதில் இந்தத் துறையின் அடிப்படைச் சொற்கள் எல்லாம் வந்துவிட்டன. சேதியைக் கிளப்பிவிடுகிறவர் அனுப்புநர். யாருக்குப் போய்ச் சேர்கிறதோ அவர் பெறுநர். எதன் வழியாகப் போகிறதோ அது ஊடகம். தாம்பாளத்தோடு வாசலில் வந்து நிற்பதும் ஒரு ஊடகம்தான், வாட்ஸ்அப்பும் ஒரு ஊடகம்தான். பெறுநரிடமிருந்து திரும்பி வருவது பின்னூட்டம். சித்தப்பா வராமல் இருந்தாரே, அதுவும் பின்னூட்டம். அதைவிட அழுத்தமான பின்னூட்டம் இருக்க முடியாது.

தகவல் போய்ச் சேர்வது வேறு, பொருள் போய்ச் சேர்வது வேறு. இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை ஆராய்வதுதான் தொடர்பியல். ஒருவர் இருவருக்குள் நடப்பதையும் பார்ப்பார்கள். ஒரே நேரத்தில் லட்சக்கணக்கானவர்களுக்குப் போகும் பத்திரிகை, வானொலி, தொலைக்காட்சி, இணையம் ஆகியவற்றையும் பார்ப்பார்கள். இரண்டாவது வகைக்குத்தான் "மீடியா" என்று பெயர் வைத்துப் பேசுகிறோம்.

கம்பியிலிருந்து தலைக்குள்

இந்த இடைவெளியை முதலில் கணக்காகப் போட்டுப் பார்த்தவர் ஒரு பொறியாளர். 1948இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இருந்த கிளாட் ஷானன், தொலைபேசிக் கம்பி வழியே ஒரு செய்தியைச் சேதாரம் இல்லாமல் அனுப்ப என்ன வேண்டும் என்று கணிதமாக எழுதினார். வழியில் புகுந்து செய்தியைக் கெடுக்கும் எதையும் அவர் இரைச்சல் என்றார். பஸ் ஸ்டாண்டில் நின்று போன் பேசும்போது, பின்னால் ஹாரன் அடிப்பதால் நாலு வார்த்தை விழாமல் போகிறதே, அது இரைச்சல்.

ஷானன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் தொடங்கினார்: செய்தியின் பொருள் என்ன என்பது இந்தப் பொறியியல் கணக்குக்குள் வராது. நேர்மையான பேச்சு. கம்பிக்குப் பொருள் தெரிய வேண்டியதில்லை. ஆனால் பின்னால் வந்த பலர் அந்தக் கம்பிப் படத்தையே மனிதர்களுக்கும் பொருத்தினார்கள். நான் அனுப்பினேன், இரைச்சல் இல்லை, ஆகவே நீ வாங்கிக்கொண்டாய் என்ற கணக்கு. வகுப்பில் ஆசிரியரும், கூட்டத்தில் மேலதிகாரியும், வீட்டில் நாமும் இன்றைக்கும் இப்படித்தான் நம்புகிறோம். "நான்தான் சொன்னேனே!" என்று கோபப்படுகிறோமே, அந்தக் கோபத்துக்கு அடியில் இருப்பது இந்தக் கம்பிப் படம்தான்.

அதைப் புரட்டிப் போட்டவர்களில் முக்கியமானவர் ஸ்டூவர்ட் ஹால். ஜமைக்காவில் பிறந்து, பிரிட்டனில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். 1973இல் தொலைக்காட்சியைப் பற்றி எழுதிய ஒரு கட்டுரையில் அவர் சொன்னது இது: அனுப்புநர் ஒரு பொருளைச் செய்திக்குள் பொதிந்து வைக்கிறார், பெறுநர் தன் வாழ்க்கை, தன் வர்க்கம், தன் அனுபவம் ஆகியவற்றைக் கொண்டு அதைப் பிரித்து எடுக்கிறார். வைத்த பொருளே வெளியே வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

அட்சய திருதியைக்கு வரும் நகைக்கடை விளம்பரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். "இன்று தங்கம் வாங்கினால் செல்வம் பெருகும்" என்கிறது. ஒரு வீட்டில் அம்மா அப்படியே ஏற்றுக்கொண்டு கிளம்புகிறார். இது உடன்பட்ட வாசிப்பு. பக்கத்து வீட்டில், "நல்ல நாள்தான், ஆனா ஒரு கிராம் காசு போதும், இப்ப பவுன் விக்கிற விலைக்கு யாரால முடியும்?" என்கிறார்கள். இது பேரம் பேசும் வாசிப்பு. பாதியை ஏற்று மீதியைத் தன் நிலைமைக்கு வளைத்துக்கொள்வது. எதிர்வீட்டுத் தாத்தா, "எங்க காலத்துல இந்த நாளுக்கு இவ்வளவு கூட்டம் ஏது? கடைக்காரன் வளர்த்துவிட்ட பழக்கம்" என்கிறார். அவருக்கு விளம்பரம் நன்றாகப் புரிந்துவிட்டது, புரிந்துகொண்டுதான் மறுக்கிறார். அதனால் அது எதிர் வாசிப்பு. மூன்று வீட்டிலும் டிவி ஒன்று, விளம்பரம் ஒன்று. எங்குமே இரைச்சல் இல்லை.

ஆக, கம்பியில் நடப்பது பாதி. தலைக்குள் நடப்பது மீதி. அந்த மீதிதான் கஷ்டமான பாதி, பாடத்தில் பெரிதும் வருவதும் அதுவே.

டீக்கடையில் நடக்கும் ஆராய்ச்சி

"மீடியா மக்களைக் கெடுத்துவிட்டது" என்று ஒரு பேச்சு; "மீடியாவை யார் நம்புகிறார்கள்?" என்று இன்னொரு பேச்சு. ஒரே ஆள் ஒரே நாளில் இரண்டையும் சொல்வார். எது சரி என்று பார்க்கத்தான் ஆய்வு வேண்டியிருக்கிறது.

டீக்கடையில் ஒருவர் பேப்பரை விரித்து வாசிப்பார், நாலு பேர் கேட்பார்கள். அந்த நாலு பேருக்கும் செய்தி பேப்பரிலிருந்து வந்ததா, அந்த ஒருவரிடமிருந்து வந்ததா? எதை உரக்க வாசிப்பது, எதைத் தாண்டுவது, எந்த இடத்தில் "ம்க்கும்" என்று தொண்டையைச் செருமுவது என்பதையெல்லாம் முடிவு செய்கிறவர் அவர்தானே.

1940இல் பால் லாசர்ஸ்ஃபெல்டும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து ஈரி மாவட்டத்தில் அதிபர் தேர்தலின்போது வாக்காளர்களை மாதக்கணக்கில் தொடர்ந்து விசாரித்தார்கள். வானொலியும் பத்திரிகையும் வாக்கை நேரடியாக மாற்றிவிடும் என்று எதிர்பார்த்தால், மாறியவர்கள் கொஞ்சம் பேர்தான். பக்கத்தில் இருக்கும் மனிதர்களின் பேச்சுக்குத்தான் பலம் அதிகமாக இருந்தது. ஊடகத்திலிருந்து முதலில் சிலருக்கு, அந்தச் சிலரிடமிருந்து மற்றவர்களுக்கு என்று கருத்து இரண்டு படியாக இறங்குகிறது என்றார்கள். இதற்கு இரு படி ஓட்டம் என்று பெயர். டீக்கடையில் பேப்பர் வாசிக்கிறவர் முதல் படி. இன்றைக்குக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் காலையில் எழுந்ததும் பத்து செய்தியைத் தட்டிவிடும் மாமாவும் அவர்தான்.

அப்படியானால் ஊடகத்துக்குப் பலமே இல்லையா? இருக்கிறது, ஆனால் வேறு இடத்தில். 1968 அதிபர் தேர்தலின்போது மேக்ஸ்வெல் மெக்கோம்ப்ஸ், டொனால்ட் ஷா என்ற இருவர் வட கரோலினாவின் சேப்பல் ஹில்லில், யாருக்கு வாக்களிப்பது என்று இன்னும் முடிவு செய்யாத 100 பேரிடம் "நாட்டின் பெரிய பிரச்சினைகள் எவை?" என்று கேட்டார்கள். அதே நாட்களில் அந்த ஊர் மக்கள் பார்த்த பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் எவற்றுக்கு அதிக இடம் கொடுத்தன என்றும் கணக்கிட்டார்கள். இரண்டு பட்டியலும் மிக நெருக்கமாகப் பொருந்தின. 1972இல் வெளியான இந்த ஆய்விலிருந்து வந்த சொல்தான் நிரல் அமைத்தல். எதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்ற பட்டியலை ஊடகம் போட்டுக் கொடுக்கிறது. அந்தப் பட்டியலில் உள்ளவற்றைப் பற்றி என்ன முடிவுக்கு வருவது என்பது நம்மிடம் இருக்கிறது.

எனக்கு இந்தத் துறையின்மேல் மரியாதை வந்தது இங்கேதான். "மீடியா கெடுத்துவிட்டது" என்பதை வெறும் அபிப்பிராயமாக விட்டுவிடாமல், எந்த அளவுக்கு, யார் வழியாக, எதில் என்று கேட்டுத் தெருவில் இறங்கி 100 பேரைச் சந்தித்திருக்கிறார்கள்.

நாவன்மை எங்கே வந்து சேர்ந்தது?

பெரியப்பா கேட்ட கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. பேச்சுக் கலை இந்தப் படிப்பின் வேர்களில் ஒன்று. கிரேக்கர்கள் அதை ரெட்டரிக் என்றார்கள். ஒரு சபையை ஒரு முடிவுக்குச் சம்மதிக்க வைக்கும் வழிகளை ஆராயும் கலை என்று சொல்லலாம். சொல்கிறவரின் நம்பகம், கேட்கிறவரின் உணர்வு, சொல்லும் காரணம் என்று மூன்று வழிகளை அரிஸ்டாட்டில் பிரித்துக் காட்டினார். அந்தப் பிரிவினையை இன்றும் முதலாண்டு வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

அமெரிக்காவில் இது தனித் துறையான கதை சுவாரஸ்யமானது. 1914இல் 17 பேச்சுக்கலை ஆசிரியர்கள், ஆங்கில ஆசிரியர்களின் சங்கத்திலிருந்து பிரிந்து தனிச் சங்கம் வைத்தார்கள். எழுத்தும் இலக்கியமும் வேறு, ஒரு கூட்டத்தின் முன் வாய்திறந்து பேசுவது வேறு என்பது அவர்கள் வாதம். இன்னொரு பக்கம், மிசூரி பல்கலைக்கழகத்தில் 1908லேயே இதழியல் பள்ளி தொடங்கிவிட்டது. பேச்சுக் கிளையும் இதழியல் கிளையும், நடுவில் லாசர்ஸ்ஃபெல்ட் போன்ற சமூக ஆய்வாளர்களின் கிளையும் காலப்போக்கில் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. அதனால்தான் ஒரு கல்லூரியில் இந்தத் துறைக்கு ஒரு பெயர், இன்னொரு கல்லூரியில் வேறு பெயர். அக்கா மகள் படிக்கும் இடத்தில் மூன்றையும் சேர்த்து "கம்யூனிகேஷன், மீடியா அண்ட் ரெட்டரிக்" என்றே வைத்திருக்கிறார்கள்.

நமக்கு இது புதிதில்லை. குறளில் அவையறிதல் என்று ஓர் அதிகாரம், அடுத்து அவையஞ்சாமை என்று ஓர் அதிகாரம். சபையைக் கண்டு நடுங்காமல் பேசுவது இரண்டாவது. எதிரே இருப்பவர்கள் யார், அவர்களுக்கு எது ஏறும் என்று அறிவது முதலாவது. வரிசையிலும் அதுதான் முன்னால் நிற்கிறது. ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு அவையஞ்சாமைக்குக் கொஞ்சம் உதவும். தொடர்பியல் அவையறிதல் பக்கம் நிற்கிறது.

லிபரல் ஆர்ட்ஸ் என்றால் ஓவியம் இல்லை

இனி கல்லூரிக்கு வருவோம். "லிபரல் ஆர்ட்ஸ்" என்பதில் இருக்கும் ஆர்ட்ஸ் ஓவியம் வரைவதைக் குறிப்பதில்லை; லிபரல் அரசியல் கட்சியைக் குறிப்பதில்லை. லத்தீனில் இதன் மூலச் சொல்லுக்கு, அடிமையாக இல்லாத சுதந்திர மனிதனுக்கு வேண்டிய கல்விகள் என்று பொருள். பழைய ஐரோப்பாவில் அவை ஏழு: இலக்கணம், தருக்கம், ரெட்டரிக், கணக்கு, வடிவியல், இசை, வானியல். கவனியுங்கள், ஏழில் கணக்கும் வானியலும் இருக்கின்றன. ரெட்டரிக்கும் இருக்கிறது.

இன்றைக்கு லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி என்றால், ஒரு தொழிலுக்கு மட்டும் பழக்காமல் பல துறைகளிலும் கால் வைக்கச் செய்து, அதில் ஒன்றில் ஆழமாகப் போகவிடும் இளங்கலைக் கல்லூரி. நம் ஊரில் பி.காம். சேர்ந்தால் முதல் நாளிலிருந்து பி.காம்.தான். அங்கே சேரும்போது துறையை முடிவு செய்திருக்க வேண்டியதில்லை. இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் முதன்மைப் பாடத்தை அறிவித்தால் போதும். அதை மேஜர் என்பார்கள். பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட் தேவை. கிரெடிட் என்பது வாரத்தில் எத்தனை மணி நேரப் பாடம் என்பதைக் கொண்டு போடும் அளவு. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மேஜர். மீதியில் உயிரியல் வரும், புள்ளியியல் வரும், வரலாறு வரும், ஒரு வேற்று மொழி வரும்.

"தொடர்பியல் படிக்கிறவளுக்கு எதற்குப் புள்ளியியல்?" என்று அக்காவே கேட்டாள். சேப்பல் ஹில் ஆய்வுக்குத் திரும்பிப் போங்கள். இரண்டு பட்டியல் பொருந்துகிறது என்று சொல்வதற்குப் புள்ளியியல் தெரியாமல் முடியுமா? பொதுச் சுகாதாரத்தைப் பற்றி எழுதப் போகிறவளுக்குத் தடுப்பூசி எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சமாவது தெரிய வேண்டாமா? சொல்லும் வித்தை மட்டும் தெரிந்து, சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் நிற்பது பரிதாபமான நிலைமை. மற்ற பாடங்கள்தான் அந்தக் கையில் சரக்கைக் கொடுக்கின்றன.

அரசுக் கல்லூரி, அதுவும் சிறியது

அமெரிக்காவில் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளில் பெயர் பெற்றவை பெரும்பாலும் தனியாருடையவை: வில்லியம்ஸ், ஆம்ஹர்ஸ்ட், மினசோட்டா மாநிலத்தில் கார்ல்டன், மக்காலஸ்டர். அரசுக் கல்வி நிறுவனம் என்றால் பெரும்பாலும் பல்லாயிரம் பேர் படிக்கும் மாபெரும் பல்கலைக்கழகம்தான் நினைவுக்கு வரும். இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு கூட்டம் இருக்கிறது. அரசுப் பணத்தில் நடக்கும் சிறிய லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகள் அவை. இவை 1987இல் ஒரு கூட்டமைப்பு அமைத்துக்கொண்டன. நியூயார்க் மாநிலத்தில் ஜெனசியோ, மாசசூசெட்ஸில் நார்த் ஆடம்ஸ் ஊரில் இருக்கும் மாசசூசெட்ஸ் காலேஜ் ஆஃப் லிபரல் ஆர்ட்ஸ், மிசூரியில் ட்ரூமன் ஸ்டேட் எல்லாம் இந்த வகை. இவற்றில் சில ஆசிரியர் பயிற்சிப் பள்ளியாகத் தொடங்கியவை. அந்தப் பள்ளிகளுக்கு அன்று நார்மல் ஸ்கூல் என்று பெயர். ஜெனசியோ மாணவர்களின் பத்திரிகைக்கு இன்றும் "லாம்ரான்" என்று பெயர் இருப்பது அதனால்தான். ஆங்கிலத்தில் "நார்மல்" என்பதைப் பின்னாலிருந்து எழுதினால் லாம்ரான்.

அக்கா மகள் படிப்பது மினசோட்டா பல்கலைக்கழகத்தின் மோரிஸ் வளாகத்தில். அந்த மாநிலத்தின் பெருநகரமான மினியாபொலிஸிலிருந்து மேற்கே காரில் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. வழியெல்லாம் மக்காச்சோளமும் சோயாவும். ஊரில் சுமார் 5,000 பேர், வளாகத்தில் ஆயிரம் பேர் அளவில். வளாகம் 1960இல் பல்கலைக்கழகத்தின் பகுதியாகத் திறந்தது. அதற்கு முன்னால் அங்கே விவசாயப் பள்ளி. அதற்கும் முன்னால், 1887 முதல் 1909 வரை, பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்துப் படிப்பித்த உறைவிடப் பள்ளி. பிள்ளைகளின் சொந்த மொழியை விடச் செய்வது அந்தக் காலத்து உறைவிடப் பள்ளிகளின் நோக்கங்களில் ஒன்று. 1909இல் இடம் கைமாறியபோது, பூர்வகுடி மாணவர்களிடம் கல்விக் கட்டணம் வாங்கக் கூடாது என்று நிபந்தனை போட்டார்கள். அந்த நிபந்தனை இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அந்த உறைவிடப் பள்ளிக் கட்டடம் ஒன்று இப்போதும் நிற்கிறது. பேச்சைப் பற்றிப் படிக்க வருகிற பிள்ளைகள், பேச்சு பறிக்கப்பட்ட ஒரு கட்டடத்தைத் தினமும் கடந்து போகிறார்கள். யாருக்குப் பேச அனுமதி, யாருடைய மொழி செல்லும் என்பதும் தொடர்பியலின் கேள்விதான். அங்கே அதைப் பாடப் புத்தகத்துக்கு வெளியிலேயே பார்க்கலாம்.

அரசுக் கல்லூரி என்றதும் நம்மூர் அரசுக் கலைக் கல்லூரிக் கட்டணத்தை நினைத்துவிட வேண்டாம். மாநில அரசு செலவில் ஒரு பகுதியைத்தான் ஏற்கிறது. மாணவர்கள் கட்டணம் கட்டித்தான் படிக்கிறார்கள். தனியாரைவிடப் பொதுவாகக் குறைவு என்பதே வித்தியாசம்.

"சிறிய" என்ற சொல்லைத் தரத்தின் அளவாக எடுத்துக்கொள்வதும் நம் பழக்கம். இங்கே அது வகுப்பின் அளவு. முதுகலை, முனைவர் மாணவர்கள் நிறைந்த பெரிய பல்கலைக்கழகத்தில் முதலாண்டு வகுப்பை அந்த மாணவர்களே நடத்துவது சகஜம். இளங்கலைக்காகவே இருக்கும் மோரிஸில் பேராசிரியர்தான் நேராக வகுப்புக்கு வருகிறார். இருபது பேர் உட்கார்ந்த அறையில் கடைசி பெஞ்ச் என்று ஒன்று இல்லை. அவள் எழுதிய கட்டுரையை வாசித்துவிட்டு, "மூன்றாவது பத்தியில் யாரிடம் பேசுகிறாய்?" என்று கேட்கிற ஆள் இருக்கிறார்.

ஒரு உதாரணம். வளாகத்தை ஒட்டி இரண்டு பெரிய காற்றாலைகள் சுற்றுகின்றன. முதலாவது 2005இல் வந்தது. ஒரு விடுமுறையில் அவள் வீட்டுப்பாடமாக அதைப் பற்றி இரண்டு பத்தி எழுதிக்கொண்டிருந்தாள். ஒன்று "சொந்த மின்சாரத்தில் இயங்கும் வளாகம்" என்று தொடங்கியது. மற்றொன்று "வயலின் அடிவானத்தில் இப்போது இரண்டு கோபுரங்கள்" என்று தொடங்கியது. இரண்டிலும் பொய் கிடையாது. எதை முன்னால் வைத்து எதைப் பின்னால் தள்ளுகிறோம் என்பதற்குச் சட்டகம் என்று பெயர். ஜன்னல் சட்டத்துக்குள் எது தெரிகிறதோ அதுதான் வெளி உலகம் என்று தோன்றுமே, அதுபோல. ஒரே ஆளே இரண்டு சட்டகத்திலும் எழுதிப் பார்க்க வேண்டும் என்பதுதான் பயிற்சி. பிறகு வகுப்பில் இரண்டையும் உரக்க வாசிக்க, விவசாயக் குடும்பத்துப் பிள்ளை ஒன்றும் நகரத்துப் பிள்ளை ஒன்றும் என்ன சொல்கின்றன என்று கேட்பார்களாம்.

வானொலி அறையில் ஒரு மணி நேரம்

மோரிஸ் மாணவர்கள் நடத்தும் பண்பலை வானொலி ஒன்று இருக்கிறது: 89.7இல், கே-யு-எம்-எம். அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே இருக்கும் நிலையங்களின் அழைப்புப் பெயர் பெரும்பாலும் "கே"யில் தொடங்கும், கிழக்கே "டபிள்யூ"வில். ஒவ்வொரு மணியின் தொடக்கத்திலும் நிலையத்தின் பெயரையும் ஊரின் பெயரையும் சொல்லியே ஆக வேண்டும் என்பது சட்டம். விளையாட்டாக நடத்தினாலும் இந்த விதி மாறாது.

அறைக்குள் மேஜை முழுக்க மேலும் கீழும் தள்ளும் பித்தான்கள். பாட்டு முடிய எட்டு வினாடி இருக்கும்போது ஒரு விரல் மைக்குக்கான பித்தானின்மேல் போய்விட வேண்டும். தாமதித்தால் ஒன்றுமே ஒலிக்காத வெறுமை. காரில் கேட்கிறவருக்கு மூன்று வினாடி வெறுமை போதும், ரேடியோ கெட்டுவிட்டதோ என்று கை நீட்டிவிடுவார். அந்த மூன்று வினாடியைப் பற்றி அவள் சொன்னபோது, பெறுநர் என்ற சொல் என்ன என்று இவளுக்கு விரல் நுனியில் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

இன்னொன்றும் சொன்னாள். ஊரில் நன்கொடைக்காக நடந்த பான்கேக் விருந்து ஒன்றை அறிவிக்கையில் ஐந்து மணி என்பதற்கு ஆறு மணி என்று வாசித்துவிட்டாள். காகிதத்தில் சரியாகத்தான் இருந்தது, தவறு அவளுடையது. இரண்டு நாள் கழித்து மளிகைக் கடையில் பில் போடும் அம்மா இவள் குரலைக் கேட்டு நிமிர்ந்து, "ரேடியோவில் பேசியது நீதானே? நாங்கள் ஆறு மணிக்குப் போனோம். மாவு தீர்ந்துவிட்டது" என்றாராம். திட்டவில்லை. மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தாராம். அன்றிலிருந்து அறிவிப்பை வாசிக்கும் முன் நேரத்தையும் இடத்தையும் பேனாவால் வட்டமிட்டுக்கொள்கிறாள்.

பெருநகரத்தில் நேயர் என்பவர் ஒரு எண்ணிக்கை. ஐயாயிரம் பேர் ஊரில் அவர் பில் போடுகிறவர், சாலையில் பனி தள்ளுகிறவர். சிறிய இடத்தின் பலம் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பலவீனமும் சொல்ல வேண்டும்: பெரிய தொலைக்காட்சி நிலையங்களும் விளம்பர நிறுவனங்களும் மூன்று மணி நேரத் தூரத்தில் இருக்கின்றன. இன்டர்ன்ஷிப் என்ற பயிற்சிப் பணிக்கு விடுமுறையில் நகரத்துக்கு வந்தாக வேண்டும்.

வேலை, செலவு, சேர்வதற்கு முன் பார்க்க வேண்டியது

நர்ஸிங் படித்தால் நர்ஸ். தொடர்பியல் படித்தால் அப்படி ஒரே பெயரில் வேலை இல்லை. பத்திரிகை, மருத்துவமனைகளிலும் அரசுத் துறைகளிலும் மக்கள் தொடர்பு, விளம்பரம், தொண்டு நிறுவனங்களுக்கு நிதி திரட்டுதல், ஆசிரியப் பணி, சட்டப் படிப்பு என்று பல பக்கம் போகிறார்கள். எங்கே போவது என்று நாலு வருஷத்தில் தானே தேடிக்கொள்ள வேண்டும். யாராவது கையைப் பிடித்து ஒரு வேலையில் உட்கார வைக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் பிள்ளைக்கு இது ஒத்துவராது. கேமராவும் எடிட்டிங்கும்தான் ஆசை என்றால், அதற்கென்றே இருக்கும் தயாரிப்புப் படிப்பு நல்லது. விஸ்காம் அந்தப் பக்கம் சாய்ந்தது, அதில் குறைவு ஒன்றும் இல்லை.

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ அனுப்ப யோசிக்கிறவர்கள் ஒன்றைக் கணக்கில் எடுக்க வேண்டும். மாணவர் விசாவில் படித்தவர்கள் படிப்பு முடிந்ததும் தங்கி வேலைப் பயிற்சி பெற 12 மாதம் அனுமதிக்கும் ஏற்பாடு இருக்கிறது. அறிவியல், தொழில்நுட்பப் பிரிவுகளுக்கு மேலும் 24 மாதம் நீட்டிப்பார்கள். பேச்சும் ஊடக ஆய்வுமான பட்டம் பொதுவாக அந்த நீட்டிப்புக்குள் வராது. பட்டம் எந்தப் பிரிவில் சேரும் என்று காட்டும் அரசுக் குறியீட்டு எண்ணைக் கல்லூரியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு கடன் வாங்குங்கள்.

கல்லூரியின் படங்களைப் பார்க்காமல் பாடப் பட்டியலைத் திறந்து பாருங்கள். பேச்சுப் பயிற்சியும் கருவிப் பயிற்சியும் மட்டும் இருக்கிறதா, பெறுநரைப் பற்றிய பாடம், ஆய்வு முறைப் பாடம், ஊடகச் சட்டமும் அறமும் பற்றிய பாடம் இருக்கின்றனவா? கடைசி ஆண்டில் மாணவர் தாமே ஒரு கேள்வியை எடுத்து ஆராய்ந்து எழுத வேண்டுமா? முதலாண்டு வகுப்பை நடத்துகிறவர் யார், அறையில் எத்தனை பேர்? மாணவர்கள் தாங்களே நடத்தும் பத்திரிகையோ வானொலியோ இருக்கிறதா, அதில் முதல் மாதத்திலேயே சேர முடியுமா? இவற்றை மின்னஞ்சலில் நேராகக் கேளுங்கள். சிறிய கல்லூரி என்றால் பதிலைப் பேராசிரியரே எழுதவும் கூடும். அக்காவுக்கு அப்படித்தான் ஒரு பதில் வந்தது. அதன் கடைசி வரியில் அவர் திருப்பி ஒரு கேள்வி கேட்டிருந்தார்: "உங்கள் மகளுக்கு எதைக் கேட்கப் பிடிக்கும்?"